"இந்தாம்மா... ஏய்!" - பந்தல்குடி அப்பத்தாவும் இரண்டு குணசேகரன்களும்

பந்தல்குடி கடைத்தெரு இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும். மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ஓட்டு வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை இடித்துக்கொண்டிருப்பார் அந்த அப்பத்தா. மணி பார்க்கத் தெரியாது என்பார். ஆனால், 9:25 ஆனால் உலக்கையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். 'எதிர்நீச்சல்' தொடங்க இன்னும் ஐந்து நிமிடம்.

அப்பத்தாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கரிசக்காட்டில் மிளகாய் பறித்து, பருத்தி எடுத்து, மல்லி பிடுங்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். மருமகள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போகிறார். பேத்தி கல்லூரியில் இரண்டாம் வருடம். இந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருப்பது ராத்திரி அந்த அரை மணி நேரம்தான். பேத்திக்கு மட்டும் ஒரு காது டி.வி-யில், ஒரு கண் போனில்.

2022, பிப்ரவரி 7-ல் சன் டி.வி-யில் தொடங்கியது 'எதிர்நீச்சல்'. 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்குநர். மதுரையில் ஒரு பெரிய வீடு, நான்கு அண்ணன் தம்பிகள், படித்திருந்தும் அடுப்படியை விட்டு வெளியே வரமுடியாத நான்கு மருமகள்கள். வீட்டுக்கு மூத்தவர் ஆதி குணசேகரன். அவர் வைத்ததுதான் சட்டம். முதல் வாரமே அப்பத்தாவின் மகன், "இந்த ஆளு சரியான வில்லன்மா" என்றிருக்கிறார். அப்பத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில் அந்த வீட்டில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

"வில்லன் என்னடா வில்லன். ஒங்கப்பன் இப்படித்தான இருந்தாரு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.

குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்துவைத் தமிழ்நாடு அடையாளம் கண்டுகொள்ள முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி அவருடைய ஊர். 1967-ல் பிறந்தவர். சினிமா டைரக்டர் ஆகவேண்டும் என்று 1990-ல் ஊரைவிட்டுச் சென்னைக்குப் போனார். முதலில் கிடைத்தது ஹோட்டலில் சர்வர் வேலை. இலக்கியத்தின் மேல் இருந்த பிடிப்பு அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து ராஜ்கிரணிடம் போய், 'அரண்மனைக் கிளி'யிலும் 'எல்லாமே என் ராசாதான்' படத்திலும் உதவி இயக்குநராக இருந்தார். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று வேலை பார்த்த இடங்கள் நீண்டுகொண்டே போயின.

உதவி இயக்குநர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சினிமாக்காரர்களுக்குத்தான் தெரியும். படம் முடிந்தால் சம்பளம் முடிந்தது. அடுத்த படம் தொடங்கும்வரை டீக்கடைதான் ஆபீஸ். அந்த வாழ்க்கையில் பதினைந்து வருடங்களுக்கும் மேல் கழித்தபிறகு, 2008-ல் 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கினார் மாரிமுத்து. பிரசன்னா நடித்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நல்ல படம் என்றார்கள், பார்த்தவர்கள்தான் குறைவு. அடுத்த படமான 'புலிவால்' வர ஆறு வருடங்கள் ஆனது. மலையாள 'சாப்பா குரிசு'வின் தமிழ் வடிவம் அது. அதுவும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை.

நடிப்பு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. 2011-ல் மிஷ்கின் தன் 'யுத்தம் செய்' படத்தில் அவரைப் போலீஸ் அதிகாரியாக நிற்க வைத்தார். அந்த முறைப்பும், அடித்தொண்டையில் இருந்து வரும் அந்தக் குரலும் மற்ற இயக்குநர்களுக்குப் பிடித்துப்போனது. அப்புறம் போலீஸ், அப்பா, பெரியப்பா, பண்ணையார் என்று வரிசையாக வந்தன. பெயர் தெரியாது, முகம் தெரியும் என்கிற இடத்திலேயே பல வருடங்கள் இருந்தார்.

அவர் வெறும் உருட்டல் மிரட்டல் நடிகர் இல்லை என்பதற்கு 'பரியேறும் பெருமாள்' ஒன்று போதும். 2018-ல் வந்த மாரி செல்வராஜின் படம். அதில் கதாநாயகி ஜோவின் அப்பா மாரிமுத்து. தன் வீட்டு ஆட்கள் ஒரு பையனை என்ன செய்தார்கள் என்று தெரியும். தடுக்கத் துணிவு கிடையாது. உள்ளுக்குள் கூசிப்போய் நிற்கிற ஒரு மனிதர். படத்தின் கடைசியில் அந்த மனிதரும் பரியனும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் அவர் ஒரு வார்த்தையைக்கூட உயர்த்திப் பேசவில்லை. இதே ஆள்தான் நான்கு வருடம் கழித்து வீட்டையே அதிரவைத்தார் என்றால் நம்பச் சற்றுச் சிரமம்தான்.

சீரியலில் என்ன நடந்தது? "இந்தாம்மா... ஏய்!" என்று அவர் அதட்டிய அதட்டல் மீம் ஆனது, ரீல்ஸ் ஆனது, கல்யாண வீட்டு பிளக்ஸில் ஏறியது. பெண்களை மட்டம்தட்டும் ஒரு பாத்திரத்தைப் பெண்களே விழுந்து விழுந்து ரசித்தார்கள். இது எப்படி என்று பலரும் பேசினார்கள். பந்தல்குடி மருமகள் அதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: "நம்ம வீட்டுல கத்துனா பயமா இருக்கும். டி.வி-ல கத்துனா சிரிக்கலாம்ல."

மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைக் கேலிச்சித்திரமாகச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குணசேகரனுக்குத் தான் செய்வது தப்பென்றே தெரியாது. குடும்ப மானத்தைத் தோளில் சுமப்பதாக நிஜமாகவே நம்புவார். தான் நினைத்தது நடக்காதபோது அவருக்கு வருவது கோபம்கூட இல்லை, ஒரு திகைப்பு. அந்தத் திகைப்பு தெற்குச் சீமையில் எத்தனையோ திண்ணைகளில் பார்த்த முகம். நிஜத்தில் மாரிமுத்து நேர் எதிர். வாசிப்பவர், பகுத்தறிவு பேசுபவர். 2023-ல் ஒரு டி.வி விவாதத்தில் ஜோதிடர்களோடு அவர் மோதிய வீடியோ வீட்டுக்கு வீடு ஓடியது.

அந்த வருடம் ஆகஸ்ட்டில் 'ஜெயிலர்' வந்தது. ரஜினி படத்தில் வில்லனின் கூட்டாளி. ஒருபக்கம் தியேட்டரில், மறுபக்கம் தினமும் 9:30-க்கு வரவேற்பறையில். அவர் வயதுக்கு வந்த உச்சம் அது.

செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. 'எதிர்நீச்சல்' டப்பிங். சீரியலில் தம்பி ஞானசேகரனாக நடிக்கும் கமலேஷும் கூட இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாரிமுத்துவுக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்தவர் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வடபழனியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரடைப்பு. காப்பாற்ற முடியவில்லை. வயது 56.

பந்தல்குடியில் அன்றைக்கு மில் வேன் வழக்கம்போல வந்தது. மருமகள் வேலைக்குப் போன இடத்தில், ரிங் ஃப்ரேம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, யாரோ ஒரு பெண் கத்திச் சொல்லித்தான் செய்தி தெரியும். மத்தியானச் சாப்பாட்டில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. "கூடப் பொறந்தவரு செத்த மாதிரி இருந்துச்சு. அவரு எங்களை யாருன்னுகூடத் தெரியாது" என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

அப்பத்தாவிடம் சொன்னது பேத்தி. அவர் நம்பவில்லை. ஏனென்றால், அதற்குப் பிறகும் திரையில் குணசேகரன் வந்தார். முன்பே எடுத்து வைத்திருந்த காட்சிகள். "செத்துப்போனவரு எப்படித் தாயி இந்த அதட்டு அதட்டுவாரு?" என்று கேட்டவர், பேத்தி போனில் காட்டிய இறுதி ஊர்வல வீடியோவைப் பார்த்தார். பசுமலைத்தேரியில் கூடியிருந்த கூட்டம். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். புருஷன் செத்தபோது அழாத கிழவி, குணசேகரனுக்காக அழுதது என்று தெருவில் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள்.

தினமும் ஓடும் சீரியலுக்குத் துக்கம் கொண்டாட நேரம் கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு. குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று கதையை நகர்த்தினார்கள். அடுத்து யார் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு.

இப்படி ஒரு நெருக்கடி தமிழ் சீரியலுக்கு மட்டும் வந்ததில்லை. 1966-ல் பிரிட்டனில் பி.பி.சி-யின் 'டாக்டர் ஹூ' தொடரில் முதன்மை நடிகர் வில்லியம் ஹார்ட்னலால் தொடர முடியாமல் போனபோது, கதாநாயகன் உருமாறுவதாகக் காட்டி பேட்ரிக் டிரவுட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தந்திரத்தில்தான் அந்தத் தொடர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. 'ஹாரி பாட்டர்' ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-ல் இறந்ததும், அந்தத் தாடியை மாட்டிக்கொண்டவர் மைக்கேல் கேம்பன். பி.பி.சி-யின் 'தி சிங்கிங் டிடெக்டிவ்' தொடரில் 1986-லேயே பெயர் வாங்கிய பெரிய நடிகர் அவர். அப்படி இருந்தும், 'பழைய டம்பிள்டோர்தான் டம்பிள்டோர்' என்று சொல்கிறவர்களை அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாரிமுத்து இறந்த அதே 2023 செப்டம்பரில்தான் கேம்பனும் இறந்தார்.

குணசேகரன் நாற்காலிக்கு வந்தவர் வேல ராமமூர்த்தி.

சினிமா ரசிகர்களுக்கு அவர் 'மதயானைக் கூட்டம்', 'கொம்பன்', 'கிடாரி' படங்களின் மீசைக்காரப் பெரியவர். வாசிப்பவர்களுக்கு அவர் முதலில் எழுத்தாளர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில் இருக்கும் பெருநாழி அவர் ஊர். பந்தல்குடிக்குத் தென்கிழக்கே, அதே வெயில், அதே கருவேலங்காடு. 1985-ல் மாவட்டம் பிரியும்வரை இரண்டு ஊரும் ஒரே ராமநாதபுரம்தான். ராணுவத்தில் இருந்தார். திரும்பிவந்து தபால் துறையில் வேலை பார்த்தார். அதற்கிடையில் சிறுகதைகள் எழுதினார். 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் மக்களை எப்படிச் சிதைத்தது என்று அவர் எழுதிய 'குற்றப் பரம்பரை' நாவலை, பொதுவாகப் புத்தகமே படிக்காதவர்கள்கூடத் தேடி வாங்கிப் படித்தார்கள்.

முதல் படமான 'மதயானைக் கூட்டம்' வந்தது 2013-ல். பெரும்பாலான அரசு ஊழியர்கள் ஓய்வூதியப் புத்தகத்தோடு வீட்டில் உட்காரும் வயது. 2016-ல் வந்த 'கிடாரி'யில் கொம்பையா பாண்டியன் என்ற பாத்திரம் கிட்டத்தட்ட கதையின் அச்சு. மாரிமுத்து நடிகராவதற்கு முன் இருபது வருடம் சினிமாவிலேயே காத்திருந்தார். வேல ராமமூர்த்தி காத்திருக்கவே இல்லை. அவர் வேறு வேலையில் இருந்தார், சினிமா அவரைத் தேடி வந்தது. ஒரே நாற்காலிக்கு வந்துசேர்ந்த இருவரின் பாதைகள் இவ்வளவு வேறாக இருந்தன.

அவர் முதலில் திரையில் வந்த வாரம், சமூக வலைதளங்களில் பாராட்டைவிட முணுமுணுப்புதான் அதிகம். 'அந்த நக்கல் இல்லை', 'அந்தக் குரல் இல்லை' என்றார்கள். நியாயம்தான். மாரிமுத்துவின் குணசேகரனிடம் ஒரு கோமாளித்தனம் ஒளிந்திருக்கும். கத்தி முடித்த அடுத்த நொடி அவரைப் பார்த்துச் சிரித்துவிடலாம். வேல ராமமூர்த்தியின் குணசேகரனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவர் கத்தாமல் பார்க்கும்போதுதான் அதிகம் பயமாக இருக்கும். பழைய நடிகரைப் போலச் செய்ய அவர் முயலாதது புத்திசாலித்தனம் என்றே தோன்றுகிறது. செத்துப்போன ஒருவரின் உடல்மொழியைக் கடன் வாங்கியிருந்தால், இரண்டு வாரத்தில் காலியாகியிருக்கும்.

பந்தல்குடி அப்பத்தா முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. விளம்பரம் வந்தபோது மட்டும் சொன்னார்: "இது நம்ம பக்கத்து ஆளு. பேச்சப் பாரு." பிறகு, இன்னொரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "இவரு சிரிக்கவே மாட்டாரு போல. ஒந்தாத்தா இந்தச் சாயல்தான் தாயி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வீட்டில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது.

மருமகளின் பிறந்த ஊர் திருச்சுழிப் பக்கம். அப்பா பெயரில் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் உளுந்து, இல்லையென்றால் கருவேலமுள். ஒரு காலத்தில் சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் இல்லாத பூமி. ஆனால், கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரக் காடுகளின் கதையே மாறிவிட்டது. சோலார் கம்பெனிகளுக்கு நிலம் பிடித்துக்கொடுக்கும் புரோக்கர்கள் பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆன பிறகு, மருமகளின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், அருப்புக்கோட்டை மல்லிகை நான்கு முழம், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் விடுதலைப் பத்திரம்.

"வியாழக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரும்மா. பேருக்குத்தான்."

மருமகளின் கணவருக்கும் கையெழுத்துப் போடுவதுதான் சரி என்று பட்டது. மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். தாய்மாமன் சீர் இல்லாமல் மேடை ஏற முடியுமா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்குப் பிறந்த வீட்டு வாசல் வேண்டாமா? இந்தக் கேள்விகளுக்கு யாரிடமும் பதில் இல்லை. சட்டத்தைக் கேட்டால் பதில் உண்டு. மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால், சீர் வரிசைத் தட்டோடு வரவேண்டிய அண்ணனைச் சட்டத்தால் கூட்டிவர முடியாதே.

'எதிர்நீச்சல்' பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். அந்தச் சீரியலிலும் ஒரு அப்பத்தா. பாம்பே ஞானம் நடித்த பட்டம்மாள். சொத்தில் 40 சதவிகிதப் பங்கு அவர் பேரில் இருக்கும். அந்தப் பங்குக்காகத்தான் குணசேகரன் மாதக்கணக்கில் உருண்டு புரண்டார். ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு நாள் இழுப்பார்களா என்று நெட்டிசன்கள் கிண்டல் அடித்தார்கள். கிண்டல் அடித்தவர்கள் யாரும் சார்பதிவாளர் அலுவலக மரத்தடியில் ஒரு முகூர்த்த நாளில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பூ வைத்து, புதுச்சேலை கட்டி, கையெழுத்துப் போட வந்த தங்கச்சிகள் வரிசையாக அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, திண்ணையில் இருந்த அப்பத்தா உள்ளே வந்தார். சம்பந்தி வீட்டு விஷயத்தில் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மகனே ஆச்சர்யமாகப் பார்த்தாராம்.

"யப்பா, தப்பா நெனைக்காத. நானும் எங்கண்ணனுக்கு இப்படித்தான் வச்சுக் கொடுத்தேன். எங்க வீட்டுக்காரரு கையப் பிடிச்சு மைய அமுக்கி வச்சாரு. என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல. படிக்கட்டும்."

பங்கு வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் செருப்பைத் தேடிக்கொண்டே நின்றார். மருமகள் தலையைக் குனிந்தபடி, "படிச்சுட்டுச் சொல்றேண்ணே" என்றார். அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை யாரும் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகவில்லை.

இரண்டு மாதம் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. தீபாவளிக்குத் துணிமணி வரவில்லை. அந்த இரண்டு மாதமும் மருமகள் மில்லுக்குப் போய்வந்து, சமைத்து, 9:30-க்கு டி.வி முன்னால் உட்கார்ந்தார். திரையில் வேல ராமமூர்த்தி கத்தாமல் முறைக்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார் என்கிறாள் மகள். மாரிமுத்து இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பாரோ என்னவோ.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். கரும்பு, வாழைத்தார், பித்தளைப் பானை எல்லாம் இருந்தன. நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் பேப்பரு இருக்கட்டும்மா, வேற மாதிரி எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார். வேறு மாதிரி என்றால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

'எதிர்நீச்சல்' 2024, ஜூன் 8-ல் முடிந்தது. அந்த மாதம் முழுக்க அப்பத்தாவுக்கு ராத்திரி தூக்கம் தள்ளிப்போனது. ஜூலையில் வெளியான 'இந்தியன் 2' படத்தில் மாரிமுத்து இருக்கிறார் என்று பேத்தி போனில் ஒரு துண்டுக் காட்சியைக் காட்டினாள். அப்பத்தா போனைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "மெலிஞ்சுட்டாரு" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அது எப்போது எடுத்த படம் என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த வருட டிசம்பர் 23-ல் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஆரம்பமானது. குணசேகரனாக வேல ராமமூர்த்தியேதான். இப்போது அவரை யாரும் புதியவர் என்று சொல்வதில்லை. பந்தல்குடி வீட்டில் அவருக்கு ஒரு பெயர்கூட இருக்கிறது: 'பெருநாழியார்'. மாரிமுத்துவை 'நம்மாளு' என்பார் அப்பத்தா. இருவரையும் அவர் ஒருமையில் பேசியதில்லை. செத்துப்போன தன் புருஷனை மட்டும் சில நாட்களாக 'அந்தாளு' என்கிறார்.

விடுதலைப் பத்திரம், அதே பிளாஸ்டிக் உறைக்குள், டி.வி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ரிமோட் பேட்டரிகளோடு கிடக்கிறது. மருமகள் அதை மூன்று முறை படித்துவிட்டார். நான்காவது பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.